விளிம்புநிலை மக்களோடு கலைச் செயல்பாடு: பல்கலைக்கழகப் பாடம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாடகம், ஒளிப்படம், சுவரோவியம், தையல் என ஏதாவது ஒரு கலையின் வழியே, ஒதுக்கப்பட்ட மக்களோடு சேர்ந்து அவர்களுடைய உரிமைக்காக வேலை செய்யும் பாடத்தை முதன்முறையாக நடத்தப்போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். பருவத்துக்கு 15 வாரம், வாரத்துக்கு ஒரு 3 மணி நேர வகுப்பு என்று கணக்கு வைத்திருக்கிறோம். உங்கள் பருவம் குறுகியது என்றால் வேலையின் அளவைக் குறையுங்கள்; தயாரிப்பைக் குறைக்காதீர்கள்.

வழக்கமான களப்பணிப் பாடத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

களப்பணியில் மாணவர் போகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். எழுதியது பல்கலைக்கழகத்துக்குச் சேர்கிறது. இங்கே ஒரு படைப்பு உருவாகிறது. அது நாலு பேர் கண்ணில் படும், பேச்சைக் கிளப்பும், சில நேரம் எதிர்ப்பையும் கிளப்பும். மாணவர்கள் பருவம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். எதிர்ப்பைச் சந்திக்கப்போவது அங்கேயே வாழும் மக்கள். ஆகவே எதைப் பேசுவது, யாருக்குக் காட்டுவது, எப்போது நிறுத்துவது ஆகிய மூன்று முடிவுகளும் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். இதை ஏற்க முடியாத துறை இந்தப் பாடத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

தயாரிப்பை எப்போது தொடங்க வேண்டும்?

வகுப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பு. குறைந்தது மூன்று சந்திப்புகள் தேவை.

முதல் சந்திப்பில் உங்கள் திட்டத்தை எடுத்து விரிக்காதீர்கள். இதற்கு முன் யார் யார் வந்தார்கள், என்ன எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தார்களா என்று கேளுங்கள். பல குடியிருப்புகளில் இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் கிடைக்கும். ஆய்வாளர், படப்பிடிப்புக் குழு, தொண்டு நிறுவனம் என வந்துபோனவர்கள் மீதுள்ள கசப்பு உங்கள் கணக்கிலும் சேரும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் நுழைய வேண்டும்.

இரண்டாவது சந்திப்பில் நாட்காட்டியை விரியுங்கள். வேலை அதிகமாக இருக்கும் மாதங்கள், பிள்ளைகளின் தேர்வு, பண்டிகை, கூலி கிடைக்கும் நாள் எல்லாவற்றையும் குறியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு வசதியான செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அங்கே பெரியவர்கள் யாருமே வீட்டில் இருக்கமாட்டார்கள். களத்துக்குப் போகும் வாரங்களில் வகுப்பை மாலைக்கோ விடுமுறை நாளுக்கோ மாற்றத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

மூன்றாவது சந்திப்பில் முடிவு. ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாய்ப்பு மெய்யாகவே இருக்க வேண்டும் என்பதால், மாணவர் சேர்க்கை முடிவதற்கு முன்பே இது நடந்துவிட வேண்டும். 18 பேர் சேர்ந்து, பாடத்திட்டமும் அச்சாகிவிட்ட பிறகு கேட்டால் அது வெறும் சடங்கு.

யாரிடம் பேசுவது? தலைவர் சம்மதித்தால் போதாதா?

போதாது. தலைவரிடம் பேசாமல் உள்ளே போகவும் முடியாது, அவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பவும் கூடாது. ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு: பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள், புதிதாகக் குடியேறியவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள். இவர்களைத் தனியாகச் சந்தித்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில் வந்தால் நல்லது. வேறுபட்டால், அந்த வேறுபாட்டோடு வேலை செய்ய முடியுமா என்று இரு தரப்பிடமும் பேசிய பிறகே தொடங்குங்கள்.

அந்தச் சமூகத்திலிருந்து ஒருவரை இணை ஆசிரியராக நியமிப்பதை வலுவாகப் பரிந்துரைக்கிறோம். விருந்தினராக ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவராக அல்ல, 15 வாரமும் ஊதியம் பெறுகிறவராக. பாடத்திட்டத்தை மாற்றும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

எழுத்து ஒப்பந்தம் தேவையா? அதில் என்ன இருக்க வேண்டும்?

தேவை. இரண்டு பக்கத்துக்கு மிகாமல், மக்கள் பேசும் மொழியில் எழுதி, கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு தரும் படிவம் தனியாக இருக்கட்டும். அது பல்கலைக்கழகத்தைக் காப்பதற்கானது.

கருப்பொருளை முடிவு செய்பவர் யார், மூலப் படைப்பு யாரிடம் இருக்கும், பிரதி எடுக்கும் உரிமை யாருக்கு, எந்தெந்த இடத்தில் காட்டலாம், விற்பனையோ பரிசுப் பணமோ வந்தால் யாருக்கு, யார் சொன்னால் வேலை நிற்கும், புகாரை யாரிடம் சொல்வது என்ற ஏழுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். புகார் பெறுபவர் பாட ஆசிரியராக இருக்கக் கூடாது. பெரும்பாலான சண்டைகள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான் வெடிக்கின்றன. பருவம் முடிந்து ஓராண்டு கழித்து, பல்கலைக்கழகத்தின் விளம்பர அட்டையில் தங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பலருக்கு இப்படியொரு கேள்வி இருந்ததே தெரிய வருகிறது.

எத்தனை மாணவர்கள் இருக்கலாம்?

15 முதல் 20 வரை, நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக. சமூகத்திலிருந்து பங்கேற்போர் எண்ணிக்கை மாணவர்களைவிடக் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் இருக்கும் அறைக்குள் இருபது மாணவர்கள் நுழைந்தால், அந்த எட்டுப் பேரும் காட்சிப்பொருளாகிவிடுவார்கள். ஆள் குறைவான நாளில் ஒரு குழு மட்டும் போகட்டும்.

மாணவர்களுக்குக் கலைப் பயிற்சி இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்த, நேரத்துக்கு வருகிற மாணவர் போதும். மேடைக்குப் பழகியவர்கள் எல்லாவற்றையும் தாங்களே அழகாகச் செய்து முடித்துவிட முனைவார்கள். அவர்களை ஒலி, விளக்கு, தேநீர் ஏற்பாடு என்று முதல் சில வாரங்கள் பின்னால் வையுங்கள்.

15 வாரத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் நான்கு வாரம் வகுப்பறையில். அதிகாரம், சம்மதம், பாதுகாப்பு, வடிவங்களின் அடிப்படை ஆகியவற்றை இதில் முடிக்க வேண்டும். ஐந்தாவது, ஆறாவது வாரம் களத்தில், ஆனால் எதையும் பதிவு செய்யாமல்: கூடி விளையாடுவது, பாடுவது, சாப்பிடுவது, கருப்பொருளைத் தேடுவது. ஏழு முதல் பதினொன்று வரை படைப்பு வேலை. பன்னிரண்டாவது வாரம் உள்காட்சி. பங்கேற்றவர்களும் அவர்கள் அழைப்பவர்களும் மட்டும் பார்ப்பது. பதின்மூன்றாவது வாரம் திருத்தம், அல்லது ‘வெளியே காட்ட வேண்டாம்’ என்ற முடிவு. பதினான்கில் வெளிக்காட்சி. கடைசி வாரம் கணக்கு ஒப்படைப்பும் மதிப்பீடும்.

உள்காட்சிக்கும் வெளிக்காட்சிக்கும் இடையிலான வாரத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் தேசியத் திரைப்பட வாரியம் மீனவ மக்களோடு படம் எடுத்தபோது, எடுத்த காட்சிகளை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்கும் உரிமையை அவர்களிடம் தந்த பிறகே வெளியாருக்குக் காட்டினார்கள். இன்றைக்கும் இதைவிட நல்ல நடைமுறை கிடையாது.

அதிகாரத்தைப் பற்றி வகுப்பில் எப்படிக் கற்பிப்பது?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வெளியிட்ட ‘பங்கேற்பு ஏணி’ நல்ல தொடக்கம். ஒரு முடிவில் மக்களுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் என்பதைக் காட்டும் எட்டுப் படிகள்: அடியில் மக்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது, உச்சியில் மக்களே கட்டுப்படுத்துவது. கோட்பாடாக நடத்திவிட்டுக் கடந்துபோகாதீர்கள். ஏணியைப் பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். 5, 9, 13ஆவது வாரங்களில், அதுவரை எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகச் சிறு சீட்டில் எழுதி உரிய படியில் ஒட்டச் சொல்லுங்கள்: ‘ஒத்திகை நேரம்’, ‘சுவரொட்டியின் வாசகம்’, ‘யாரை அழைப்பது’. சமூகத்திலிருந்து வருபவர்கள் அதே சீட்டுகளைத் தனியாக ஒட்டட்டும். மாணவர்கள் ஆறாவது படியில் வைத்ததை அவர்கள் மூன்றாவது படியில் வைப்பார்கள். அன்றைய வகுப்பை அந்த இடைவெளியைப் பேசுவதற்கே ஒதுக்குங்கள்.

எந்தக் கலை வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது?

அங்கே ஏற்கெனவே இருப்பதை முதலில் பாருங்கள். பாடுகிறவர்கள் இருந்தால் பாட்டு, தைக்கிறவர்கள் இருந்தால் துணி. பிறகு முகம் வெளியே தெரிந்தால் ஆபத்தா என்று கேளுங்கள்.

ஆபத்து என்றால் நாடகமும் காணொளியும் வேண்டாம். 1973 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் சிலி நாட்டுப் பெண்கள், காணாமலாக்கப்பட்டோரைப் பற்றிய காட்சிகளைக் கந்தல் துணிகளால் சாக்கின் மேல் தைத்தார்கள். பெயரில்லாமல் வெளிநாடு போன அந்தத் துணிகள் சாட்சியமாக நின்றன.

எல்லோரும் ஒரே நேரத்தில் கூட முடியாத இடத்துக்கும் தையல் பொருந்தும். எய்ட்ஸால் இறந்தோர் நினைவாகத் தொடங்கிய அமெரிக்க நினைவுப் போர்வையில் ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. அளவு ஒன்றாக இருந்ததால் யார் எங்கே தைத்தாலும் இணைக்க முடிந்தது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முறை விரிக்கப்பட்டபோது 1,920 துண்டுகள் இருந்தன. உங்கள் பாடத்துக்கு 30 செ.மீ. சதுரம் போதும், விளிம்பில் 2 செ.மீ. தையல் இடம் விடச் சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்தால் இணைக்கும்போது ஓரத்தில் எழுதிய பெயர்கள் மடிப்புக்குள் போய்விடும்.

சுவரோவியம் என்றால் 2 மீட்டர் உயரத்துக்குள் நிறுத்துங்கள். சாரம் கட்டாமலே எல்லோரும் வரையலாம். 20 × 60 செ.மீ. தாளில் 5 செ.மீ. கட்டம் போட்டு வரைந்ததை, 2 × 6 மீட்டர் சுவரில் 50 செ.மீ. கட்டங்களாக மாற்றினால் 48 கட்டம் வரும். ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக்கொடுக்கலாம். ஈரம் ஊறும் சுவரைத் தொடாதீர்கள். உரியும் பழைய பூச்சைச் சுரண்டி, அடிப்பூச்சு அடித்து ஒரு நாள் காயவிடாவிட்டால், அடுத்த மழைக்கே ஓவியம் செதில் செதிலாக உதிரும். சுவர் உரிமையாளரின் எழுத்து அனுமதியில் ஓவியம் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதும் இருக்கட்டும்.

விவாத அரங்கு அமர்வை எப்படி நடத்துவது?

ஃபோரம் தியேட்டர் எனப்படும் இந்த வடிவத்தை உருவாக்கியவர் பிரேசில் நாட்டு அரங்கக் கலைஞர் அகஸ்டோ போவால். ஒடுக்குமுறையைக் காட்டும் சிறு நாடகத்தை, தோல்வியில் முடியும்படி நடிக்கிறார்கள். பார்ப்பவர் எழுந்துவந்து முதன்மைப் பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு வழியை நடித்துப் பார்க்கிறார். 90 நிமிட அமர்வை நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது:

1. உடலையும் குரலையும் தளர்த்தும் விளையாட்டுகள், 15 நிமிடம். பார்வையாளர்களும் சேர வேண்டும். இதைத் தவிர்த்தால் பிறகு யாரும் எழுந்து வரமாட்டார்கள்.
2. நாடகம், 10 நிமிடம். முதன்மைப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.
3. பக்கத்தில் இருப்பவரோடு பேச 5 நிமிடம்.
4. மறுபடி அதே நாடகம். யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ எனலாம். இதற்கு 45 நிமிடம். ஐந்தாறு தலையீடுகளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.
5. முயன்ற வழிகளைத் தொகுத்தல், 15 நிமிடம். எது நடைமுறைக்கு வரும், அதற்கு யார் துணை வேண்டும் என்று பலகையில் எழுதுங்கள்.

அதிகம் பிசகுவது நாடகத்தின் கட்டமைப்பில். முதன்மைப் பாத்திரம் அடி வாங்கிக்கொண்டே இருந்தால் தலையிட இடமே இருக்காது. ஒரு பெண் மருத்துவமனைச் சாளரத்தில் ஆவணம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறாள் என்று வையுங்கள். சாளரத்துக்கு முன் வரிசை, வரிசையில் அவளைத் தெரிந்த ஒருவர், வாசலில் ஒரு காவலாளி, எழுத்தர் ஒரு நொடி தயங்கும் இடம் என நான்கு வாசல்களைத் திறந்து வைத்தால்தான் பார்வையாளர் நுழைவார்.

ஒடுக்குபவரின் பாத்திரத்தை மாற்ற அனுமதிக்காதீர்கள். எழுத்தர் திடீரென நல்லவராகிவிட்டால் கற்க ஒன்றுமில்லை. நடக்கவே முடியாத தீர்வு வந்தால், அமர்வை நடத்தும் நெறியாளர் மறுக்காமல் கூட்டத்திடம் திருப்ப வேண்டும்: ‘இது இங்கே நடக்குமா?’ நெறியாளருக்கு விடை தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. அந்த மக்களின் பாத்திரத்தை மாணவர்கள் நடிப்பதையும் தவிருங்கள், கேலியாகிவிடும். மாணவர்கள் எழுத்தராகவோ காவலாளியாகவோ நடிக்கட்டும். மேடையில் கைநீட்டும் காட்சிகளை மெதுவியக்கத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஒளிப்படம் எடுக்கச் சொன்னால் போதுமா?

போதாது. 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் உருவாக்கிய ‘ஃபோட்டோவாய்ஸ்’ முறையில் படத்துக்கு இணையான இடம் பேச்சுக்கும் உண்டு. முதலில் இரண்டு மணி நேரம் பாதுகாப்புப் பயிற்சி. அதன் பிறகே கேமரா. ஒரு வாரத்தில் ஒருவர் 20 படம் வரை எடுக்கலாம், மூன்றை அவரே தேர்ந்தெடுப்பார். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து கேள்விகள்: இதில் என்ன பார்க்கிறோம்? உண்மையில் இங்கே என்ன நடக்கிறது? நம் வாழ்க்கையோடு இது எப்படித் தொடர்புபடுகிறது? ஏன் இப்படி இருக்கிறது? நாம் என்ன செய்யலாம்?

நான்காவது கேள்விக்குத்தான் நேரம் தேவை. முதல் மூன்றில் நேரம் போய்விட்டால் கண்காட்சி வறுமையின் படத்தொகுப்பாக நின்றுவிடும். படவிளக்கத்தை எடுத்தவரின் சொற்களிலேயே எழுதுங்கள். மாணவர்கள் செப்பனிட வேண்டாம்.

வெளியிடும் முன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டு எண், பள்ளிச் சீருடை, வண்டி எண், கண்ணாடியில் விழுந்த முகம், பின்னால் தெரியும் கடைப்பலகை எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். கைப்பேசிப் படக் கோப்புக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். அதை நீக்கிவிட்டே அனுப்ப வேண்டும்.

சம்மதப் படிவத்தில் ஒரு கையெழுத்து போதாதா?

ஐந்து தனித்தனிக் கேள்விகளாக்குங்கள்: பங்கேற்க, பதிவு செய்ய, உள்காட்சியில் காட்ட, வெளிக்காட்சியில் காட்ட, இணையத்தில் ஏற்ற. ஒருவர் முதல் மூன்றுக்கு மட்டும் சம்மதிக்கலாம். தொடக்கத்தில் ஒருமுறை, உள்காட்சிக்குப் பின் ஒருமுறை என இருமுறை கேளுங்கள். தன்னைத் திரையில் பார்த்த பிறகு மனம் மாறுவது இயல்பு. இணையத்தில் ஏறியதை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், சிறுவரின் சொந்தச் சம்மதமும் வேண்டும். படத்தில் தற்செயலாக விழுந்த மூன்றாம் ஆளையும் கேட்க வேண்டும்.

வலியான அனுபவங்கள் வெளிப்பட்டால்?

வெளிப்படும். ‘உங்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லுங்கள்’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ‘இங்கே இருக்கும் ஒருவருக்கு இப்படி நடக்கலாமா?’ என்று கற்பனைப் பாத்திரத்தின் வழியே போகலாம். யாராவது உடைந்துபோனால் எல்லோருக்கும் இடைவேளை விடுங்கள். அவரை மட்டும் வெளியே அனுப்பினால் தண்டனைபோல ஆகிவிடும். அவருக்குத் தெரிந்த ஒருவர் உடனிருக்கட்டும். உளவள ஆலோசகர், சட்ட உதவி, அவசர எண் ஆகியவற்றின் பட்டியல் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். அந்த எண்களுக்கு முன்கூட்டியே அழைத்து, எடுக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் சிகிச்சை அளிப்பவர் அல்ல என்பதை மாணவர்களுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பங்கேற்பவர்களுக்குப் பணம் தரலாமா?

தர வேண்டும். மாணவருக்கு மதிப்பெண், ஆசிரியருக்குச் சம்பளம், நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு நன்றிச் சான்றிதழ் மட்டும் என்பது அநியாயம். ஒத்திகை நேரத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பயணச் செலவும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கான ஊதியமும் தனி. அன்றன்றே கையில் கொடுப்பதுதான் சரி. நிதிப் பிரிவு வங்கிக் கணக்கும் அடையாள ஆவணமும் கேட்கும். பலரிடம் இரண்டும் இருக்காது, இருந்தாலும் தரப் பயப்படுவார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே கைச்செலவு முன்பணமாக வாங்கும் வழியைப் பேசி முடியுங்கள். சிலருக்கு இந்த வருமானத்தால் அரசு உதவித்தொகை பாதிக்கப்படலாம். எந்த வடிவில் வாங்க விருப்பம் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

படைப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால், நன்றாக வர வேண்டுமே என்று மாணவர் தூரிகையைப் பிடுங்கிக்கொள்வார். நாங்கள் பரிந்துரைப்பது: வாராந்தரக் குறிப்பேடு 35, தயாரிப்புத் திட்டம் 20, குழு வேலையும் நேரம் காத்தலும் 25, இறுதிக் கட்டுரை 20.

குறிப்பேட்டில் வாரம் 300 சொல், மூன்று கேள்விகள்: என்ன நடந்தது, முடிவை எடுத்தது யார், அடுத்த வாரம் எதை மாற்றுவேன். இரண்டாவது கேள்விக்கு எழுதும் பதிலில்தான் மாணவர் கற்கிறாரா என்பது தெரியும். பங்கேற்பவர்களின் பெயரையும் அவர்கள் சொன்ன சொந்தக் கதைகளையும் குறிப்பேட்டில் எழுதக் கூடாது. ‘உள்காட்சியோடு நிறுத்திக்கொள்கிறோம்’ என்று மக்கள் முடிவெடுத்தால் மாணவர் மதிப்பெண் குறையாது என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த முடிவை மாற்றச் சொல்லி அழுத்தம் வரும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா?

கற்பித்தலுக்கு மட்டும் என்றால் பல இடங்களில் தேவைப்படாது. இதை வைத்துக் கட்டுரை எழுதும் எண்ணம் துளியாவது இருந்தால், களத்துக்குப் போகும் முன்பே விண்ணப்பியுங்கள். பின்தேதியிட்டு அனுமதி கிடைக்காது.

வகுப்பிலேயே அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாணவர் இருந்தால்?

அவரைப் பேச்சாளராக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். அவருக்கு வேறு குழுவுக்குப் போகும் வாய்ப்பைத் தனியாக, காரணம் கேட்காமல் தாருங்கள். அவரே விரும்பி இணைப்பு வேலை செய்தால் அதற்கு ஊதியமோ மதிப்பெண்ணோ உண்டு என்று முன்பே சொல்லுங்கள்.

எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது?

வரும் முன்பே கணக்கெடுக்க வேண்டும். பதினோராவது வாரம் பங்கேற்பவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள்: இதைப் பார்த்தால் யாருக்குக் கோபம் வரும்? அவர் உங்களில் யாருக்கு வேலை தருபவர், வீடு தருபவர், சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர்? அவர் பார்வையாளராக வந்து உட்கார்ந்தால் என்ன செய்வோம்? பதில்களைப் பொறுத்து இடத்தை மாற்றலாம், பாத்திரத்தின் தொழிலை மாற்றலாம், காட்சியையே கைவிடலாம்.

பொது இடம் என்றால் அனுமதிக் கடிதத்தின் பிரதி மூன்று பேரிடம் இருக்கட்டும். ஒரு வழக்கறிஞரின் எண், வெளியேறும் வழி, வண்டி ஏற்பாடு, கூட்டத்தைக் கவனிக்க மட்டுமே இரண்டு பேர் தேவை. தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை அடுத்த சாஹிபாபாதில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். தொழிலாளி ஒருவரும் அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார். மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தெருவில் இறங்க வேண்டும்.

பருவம் முடிந்த பின் என்ன கடமை?

மூலப் படைப்பு ஒப்பந்தப்படி போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பாருங்கள். வைக்க இடம் இல்லை என்றால் பல்கலைக்கழகத்தில் இரவலாக வைத்து, ரசீது கொடுங்கள். காணொளிகளை அவர்களிடம் இருக்கும் கருவியில் ஓடும் வடிவில் கொடுத்து, அங்கேயே ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். மாணவர்களின் கைப்பேசியிலும் பகிர்வுக் கோப்புறையிலும் உள்ள படங்களை அழிக்கக் கடைசி வகுப்பிலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் போய் அழிக்கச் சொன்னால் நடக்காது.

மூன்று மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் ஆசிரியர் திரும்பிப் போக வேண்டும். கைதட்டல் எவ்வளவு என்பது அளவுகோல் அல்ல. அமர்வின் முடிவில் தொகுத்து எழுதிய கோரிக்கைகளில் எது யாரிடம் போனது, யாருக்காவது தொல்லை வந்ததா, நீங்கள் இல்லாமல் ஒருமுறையாவது கூடினார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பாடம் உண்டா இல்லையா என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். முடிவாகவில்லை என்றால் எந்தத் தேதிக்குள் தெரியும் என்றாவது சொல்லுங்கள்.